கையால லோடு பண்ண தோட்டாவ ராத்திரி பெட் பக்கத்துல வெச்சுக்கலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் அண்ணா, நாங்க டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம், எனக்கு க்ரீன் கார்டு வந்தாச்சு. போன தீபாவளி சமயத்துல எங்க சப்டிவிஷன்ல ரெண்டு இந்தியன் வீட்ல பூந்து நகைய எடுத்துட்டு போயிட்டாங்க, அதுல இருந்து வீட்ல எல்லாருக்கும் பயம், ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கினேன். ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் ரீலோடிங், அதாவது காலி தோட்டாக் கூட்டுல மறுபடி பவுடரும் புல்லட்டும் போட்டு புதுசா பண்றத, கத்துக் குடுத்தார், இப்ப கராஜ்ல அதுக்கான கை மெஷின் (ப்ரெஸ்) போட்டு நானே ரவுண்டு பண்றேன். கடைல வாங்குற ரவுண்டு உதைக்கிறது என் மனைவிக்கு ஒத்துக்கல, அதனால அவங்களுக்குன்னு பவுடர் கம்மியா போட்டு சாஃப்டா பண்ணி வெச்சிருக்கேன், அதையே ராத்திரி லாக் பாக்ஸ்ல இருக்கிற துப்பாக்கிலயும் போடலாம்னு நெனைக்கிறேன். ஒருத்தர் கையால பண்ண தோட்டாவால சுட்டா நேரா ஜெயில்தான்னு சொல்றார், இன்னொருத்தர் டெக்சாஸ்ல அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றார். எது சரி? பி.கு: என் மச்சினன் எச்-1பி-ல எங்க கூடத்தான் இருக்கான், வீக்கெண்ட்ல அவனும் கூட உக்காந்து ப்ரெஸ் இழுப்பான். அந்த ஆபீஸ் ஃப்ரெண்ட் டப்பா மேல மார்க்கர்ல 'திருடன் ஸ்பெஷல்'னு எழுதி குரூப்ல போட்டோ வேற போட்டுட்டார். டிசம்பர்ல ஊருக்கு வேற போறோம், போறதுக்குள்ள இத முடிவு பண்ணிடணும்.

பதில்: வணக்கம் தம்பி. நீங்க கேட்ட கேள்விக்கு சுருக்கமான பதில் இதுதான், ஹேண்ட்லோட், அதாவது கையால பண்ண தோட்டா, வெச்சுக்கறதோ அத தற்காப்புக்கு யூஸ் பண்றதோ டெக்சாஸ்லயும் சரி ஃபெடரல் சட்டத்துலயும் சரி குத்தம் இல்ல, ஆனா பெட் பக்கத்து துப்பாக்கில அத போடாதீங்க, சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. ஏன்னு விரிவா சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க பி.கு.ன்னு சாதாரணமா எழுதி முடிச்சுட்ட விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா தோட்டா கேள்வி என்னைக்கோ நடக்கலாம் நடக்காமயும் போகலாம்ங்கிற ஒண்ணப் பத்தினது, மச்சினன் விஷயம் இந்த வார வீக்கெண்டே நடக்குற குத்தம்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, இப்படி தற்காலிகமா தங்குறதுக்கான நான்-இமிக்ரண்ட் விசால இருக்கிறவங்க துப்பாக்கியோ அம்யூனிஷனோ கைல வெச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, 18 யு.எஸ். கோடு 922(ஜி)(5). நம்ம ஆளுங்கள்ல பாதி பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்களும் துப்பாக்கி வாங்கத்தான் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அப்படி இல்ல, கைல எடுத்தாலே பொசஷன், அதாவது வெச்சிருந்ததாதான் கணக்கு, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டாலும் பொசஷன்தான். ஃப்ளோரிடால ஒரு ஸ்டூடண்ட் விசா முடிஞ்ச பையன் ரேஞ்சுக்குப் போய் சுட்டதுதான் கேஸாகி 2019-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. தன் ஸ்டேட்டஸ் என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு கவர்மெண்ட் நிரூபிக்கணும்னு அங்க தீர்ப்பு வந்துச்சு, ஆனா அது உங்க மச்சினனுக்கு உதவாது, தான் எச்-1பி-ல இருக்கோம்னு தெரியாத எச்-1பி ஆள் யாரு இருக்கா சொல்லுங்க.

இதுல ரீலோடிங் பண்றவங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு. அம்யூனிஷன்னா முழுசா பண்ணி முடிச்ச ரவுண்டு மட்டும்னு நெனைக்காதீங்க, அந்த சட்டத்துல விளக்கம் குடுக்கும்போதே காலி கேஸ் (தோட்டாவோட கூடு), ப்ரைமர் (பவுடரப் பத்த வைக்கிற பாகம்), புல்லட், பவுடர் எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்லியிருக்கு. அதனால உங்க கராஜ்ல அவன் ப்ரெஸ் இழுக்கிறதுக்கு உக்காந்த நிமிஷத்துல இருந்து அவன் கைல இருக்கிற ஒவ்வொண்ணும் அம்யூனிஷன்தான். 2022-ல வந்த சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் இதுக்கு அதிகபட்ச தண்டனை 15 வருஷம். அது மட்டும் இல்ல, இந்த மாதிரி விசால இருக்கிறவர்னு தெரிஞ்சே அவர் கைல அம்யூனிஷன குடுக்கிறதும் 922(டி)-ல தனிக் குத்தம், அதாவது உங்களுக்கும் சேத்து. க்ரீன் கார்டு இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க, துப்பாக்கி சம்பந்தப்பட்ட குத்தத்துல கன்விக்ஷன் ஆனா இமிக்ரேஷன் சட்டத்துல அதுவே நாடு கடத்துறதுக்கு போதுமான காரணம். பொண்டாட்டி புள்ள வீடு மார்ட்கேஜ் எல்லாம் இங்க இருக்க, ஒரு ப்ரெஸ் ஹேண்டிலுக்காக அப்படி ஒரு நெலமை வேண்டாம்.

வழி இல்லாம இல்ல. அதே சட்டத்துலயே விதிவிலக்கு இருக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் கைல இருந்தா அவனுக்கு அந்தத் தடை பொருந்தாது. டெக்சாஸ்ல அது ஆன்லைன்லயே வாங்கலாம், 1971 செப்டம்பர் 2-லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்கு ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் உண்டு, லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சுடும், முடிஞ்ச அடுத்த நாள்ல இருந்து பழைய தடை திரும்ப வந்துடும், அதனால தேதிய காலண்டர்ல போட்டு வைக்கணும். ஆனா இத வாங்குறதுக்கு முன்னாடி அவன் தன்னோட இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும், க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கிற பையன்னா இன்னும் கட்டாயம். அது வரைக்கும் கராஜ் ஷெல்ஃபுக்கு பூட்டு, சாவி உங்ககிட்ட மட்டும், லாக் பாக்ஸ் நம்பரும் அவனுக்குத் தெரியக் கூடாது. 'அவன் தொடவே மாட்டான் அண்ணா'ன்னு சொல்லாதீங்க, எடுக்கிற மாதிரி இடத்துல இருந்து, எடுக்கிற எண்ணமும் இருந்துச்சுன்னு காட்டிட்டாங்கன்னா அதையும் பொசஷன்னு வாதாட முடியும்.

சரி, இப்ப தோட்டா விஷயம்.

உங்க பயத்த நான் சின்னதா நெனைக்கல. 2011-ல இருந்து 2014 வரைக்கும் ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்சாஸ்னு ஒரு கூட்டம் ஆசியக் குடும்பங்களா பாத்து, அதுலயும் நம்ம ஆளுங்க வீட்ல தங்கம் இருக்கும்னு தெரிஞ்சே உள்ள பூந்து கட்டிப் போட்டு கொள்ளையடிச்சாங்க, அந்தக் கூட்டத்துக்குத் தலைவியா இருந்த ஹூஸ்டன் பொம்பளைக்கு 37 வருஷம் தண்டனை கெடச்சுது. அதனால வீட்டைக் காப்பாத்தணும்னு நெனைக்கிறது நியாயம். டெக்சாஸ் சட்டமும் உங்க பக்கம்தான் நிறைய சாயுது, ஆள் இருக்கிற வீட்டுக்குள்ள ஒருத்தன் சட்டவிரோதமா பலவந்தமா நொழஞ்சா நீங்க பயந்தது நியாயம்தான்னு பீனல் கோடு 9.32 முன்கூட்டியே எடுத்துக்குது, நீங்க சீண்டி விட்டிருக்கக் கூடாது, அந்த நேரத்துல நீங்களே ஒரு குத்தத்துல இருக்கக் கூடாதுங்கிற நிபந்தனையோட. தற்காப்புங்கிற கேள்விய நீங்க ஓரளவு ஆதாரத்தோட எழுப்பிட்டா, அது தற்காப்பு இல்லன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கிற பாரம் அரசுத் தரப்புக்கு. இப்ப எல்லா மாநிலத்துலயும் இதுதான் முறை, கடைசியா ஒஹையோ 2019-ல மாத்துச்சு. சிவில் கேஸ்லயும் நியாயமான தற்காப்புன்னு ஆயிட்டா உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. டெக்சாஸ்ல யாரும் கேக்க மாட்டாங்கன்னு உங்க ஃப்ரெண்ட் சொன்னதுக்கு இதுதான் அடிப்படை, ஆனா இங்கயும் ஒரு உயிர் போனா, குத்தம் சாட்டலாமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி முன்னாடி ஃபைல் போறது சாதாரணம், ஃபைல்ல என்ன இருக்குங்கிறதுதான் அங்க பேசும்.

நேரா ஜெயில்னு சொன்ன இன்னொரு ஃப்ரெண்ட் அனேகமா நியூஜெர்சி கேஸ மனசுல வெச்சு சொல்லியிருப்பார். அந்த கேஸ எல்லாரும் தப்பாதான் சொல்றாங்க, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். 1989, ஒரு கல்யாணமான தம்பதி, மனைவி வீட்ல தலைல குண்டு பட்டு இறந்துட்டாங்க. புருஷன் சொன்னது, அவ தன்னைத் தானே சுட்டுக்கிட்டா. அரசுத் தரப்பு சொன்னது, நீதான் சுட்ட. கவனிங்க, இது தற்காப்பு கேஸே இல்ல. ஆனா துப்பாக்கில இருந்தது புருஷன் கையால பண்ண தோட்டா, அதுவும் மனைவிக்கு உதைப்பு தாங்கலங்கிறதுக்காக பவுடர் ரொம்பக் கம்மியா போட்டுப் பண்ணது. உங்க லெட்டர்ல அந்த வரியப் படிச்சதும் எனக்கு இந்த கேஸ்தான் ஞாபகம் வந்துச்சு.

துப்பாக்கி வெடிக்கும்போது புல்லட் மட்டும் வெளிய வர்றதில்ல, கரிப் புகை, எரிஞ்சதும் எரியாததுமா பவுடர் துகள், ப்ரைமர்ல இருந்து வர்ற ஈயம் எல்லாம் சேந்து வரும். ரொம்பக் கிட்ட வெச்சு சுட்டா தோல்லயும் துணிலயும் கரி படியும், அதுக்கு மேல கொஞ்ச தூரம் வரைக்கும், கைத்துப்பாக்கின்னா பொதுவா ரெண்டு மூணு அடி வரைக்கும், பவுடர் துகள் குத்தின புள்ளி புள்ளியா தடயம் இருக்கும், அதையும் தாண்டிட்டா ஒண்ணும் இருக்காது. லேப்ல என்ன பண்ணுவாங்கன்னா அதே துப்பாக்கி, அதே மாதிரி தோட்டா, வெள்ளைத் துணிய ஆறு இஞ்ச், ஒரு அடி, ரெண்டு அடின்னு வெவ்வேற தூரத்துல வெச்சு சுட்டு, கெமிக்கல் போட்டு நைட்ரைட்டும் ஈயமும் எங்க எவ்ளோ பரவியிருக்குன்னு பாத்து, செத்தவங்க துணில இருக்கிறதோட ஒப்பிட்டு தூரத்த சொல்லுவாங்க. நல்ல சயன்ஸ்தான், ஆனா அந்த 'அதே மாதிரி தோட்டா'ங்கிற மூணு வார்த்தை மேலதான் அவ்ளோவும் நிக்குது. பவுடர் எவ்ளோ, எந்த பிராண்டு, உருண்டையா தட்டையா, இதுல எது மாறினாலும் தடயம் மாறும்.

அந்த கேஸ்ல லேப் டெஸ்ட் பண்ணது அந்த கம்மி பவுடர் லோடு இல்ல, அதவிட வலுவான தோட்டா. அதுல கை எட்டுற தூரத்துல தடயம் நல்லா விழுந்துச்சு, மனைவி மேல தடயம் இல்ல, அப்ப துப்பாக்கி அவங்க கை எட்டுற தூரத்துல இல்லன்னு அரசுத் தரப்பு வாதம். எங்க தோட்டால பவுடரே கம்மி, அதான் தடயம் இல்லன்னு டிஃபென்ஸ் சொன்னாங்க, ஆனா அந்த ஒரு ரவுண்டுக்குள்ள உண்மையில எவ்ளோ பவுடர் இருந்துச்சுன்னு யாரு சொல்றது? அத உள்ள போட்ட ஆள் ஒருத்தர்தான், அவர்தான் குத்தவாளிக் கூண்டுல. ஒரு ட்ரையல் இல்ல, பல ட்ரையல், பல வருஷம், கையிருப்பு பூரா கரைஞ்சு, கடைசில மேன்ஸ்லாட்டர்னு, அதாவது திட்டமிட்ட கொலைக்குக் கீழ இருக்கிற குத்தம்னு, தண்டனை. அவர் பண்ணாரா பண்ணலையாங்கிறத பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல. தான் சொல்றது உண்மையா பொய்யான்னு காட்டியிருக்கக் கூடிய ஒரே டெஸ்ட்ட அவரால கோர்ட்டுக்கு கொண்டு வர முடியாமப் போச்சு, நான் சொல்ல வர்றது அதுதான்.

இப்ப இத உங்க வீட்டு ஹால்வேக்கு கொண்டு வாங்க. ராத்திரி ரெண்டு மணி, ஒருத்தன் உள்ள வந்துட்டான், ரெண்டு அடில இருந்து உங்க துப்பாக்கியப் புடுங்கப் பாய்ஞ்சான், நீங்க சுட்டீங்க. போலீஸ்கிட்ட ரெண்டு அடின்னு சொல்றீங்க. காலி கேஸ் தரைல கிடக்கு, அதோட அடிப்பக்கத்துல முதல்ல பண்ண கம்பெனி முத்திரை இருக்கும், நீங்க உள்ள என்ன போட்டீங்கன்னு இருக்காது. லேப் அந்த முத்திரையப் பாத்து அதே கம்பெனி ரவுண்டு வாங்கி டெஸ்ட் பண்ணா, ரெண்டு அடில சட்டைல துகள் இருக்கணும்னு வரும், அவன் சட்டைல ஒண்ணும் இல்ல. அப்ப ரெண்டு அடி இல்ல, ஆறு அடியோ எட்டு அடியோ, ஒருவேளை திரும்பி ஓடுறதுக்கு நின்னவனோ. நீங்க சொன்னது சத்தியமா இருந்தும் சயன்ஸ் உங்களைப் பொய்யன்னு சொல்ற மாதிரி ஆயிடும். ஆளும் ஆளும் கைகலப்பு தூரத்துல இருந்த கேஸ்லதான் இந்த தூரக் கணக்கு உயிர் போற விஷயம், எல்லா கேஸ்லயும் இது வராது, வாசல்ல கேமரா இருந்தா வராது, சாட்சி இருந்தா வராது. ஆனா எந்த மாதிரி கேஸ் வரும்னு நீங்க தேர்ந்தெடுக்க முடியாதே.

நோட்டுப் புத்தகத்துல ஒவ்வொரு பேட்சும் பவுடர் எடை வரைக்கும் எழுதி வெச்சிருக்கேன், மிச்சம் அதே டப்பால இருக்கு, அத டெஸ்ட் பண்ணட்டும்னு நீங்க கேப்பீங்க, ரீலோடிங் பண்றவங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க, நியாயமான கேள்விதான். வெச்சுக்கோங்க, கண்டிப்பா எழுதுங்க, ஒண்ணும் இல்லாததுக்கு அது எவ்ளவோ மேல். ஆனா அத கோர்ட்டுக்குள்ள கொண்டு வரணும்னா 'இது நான் எழுதினது, அன்னைக்கு துப்பாக்கில இருந்த ரவுண்டும் இதே பேட்ச்'னு ஒருத்தர் சத்தியம் பண்ணி சொல்லணும். அந்த ஒருத்தர் நீங்கதான். அமெரிக்காவுல குத்தம் சாட்டப்பட்டவர் வாயத் திறக்காம இருக்கலாம், ஃபிஃப்த் அமெண்ட்மெண்ட் குடுக்கிற பெரிய பாதுகாப்பு அது, சில கேஸ்ல உங்களை சாட்சிக் கூண்டுல ஏத்தாம இருக்கிறதுதான் உங்க வக்கீல் எடுக்கிற நல்ல முடிவா இருக்கும். தோட்டாவுக்காக நீங்க ஏறியே ஆகணும்னு ஆயிட்டா, ஏறினதுக்கப்புறம் தோட்டாவப் பத்தி மட்டும் கேட்டுட்டு விட மாட்டாங்க, அன்னைக்கு ராத்திரி ஒவ்வொரு செகண்டையும் கேப்பாங்க, நீங்க போட்ட மெசேஜ் எல்லாத்தையும் கேப்பாங்க. சயன்ஸ் சாட்சியத்துக்கு எவ்ளோ நம்பகம் வேணும்னு டெக்சாஸ் கிரிமினல் அப்பீல் கோர்ட் 1992-லயும் யு.எஸ். சுப்ரீம் கோர்ட் 1993-லயும் கட்டையப் போட்டாச்சு, ஜட்ஜ்தான் வாசல்ல நின்னு உள்ள விடலாமா வேண்டாமான்னு பாப்பார், அவர் 'குத்தம் சாட்டப்பட்டவரே பண்ண சாம்பிள், அவரே எழுதின கணக்கு, இதுல மாத்தலன்னு என்ன நிச்சயம்'னு கேட்டா அதுக்கு உங்க வக்கீல்கிட்ட சுலபமான பதில் கிடையாது.

கடைல வாங்கின டப்பான்னா இந்தத் தலைவலியே இல்ல. டப்பால எந்தத் தொகுதில பண்ணதுன்னு காட்டுற லாட் நம்பர் இருக்கு, டிடெக்டிவ் அத போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல எழுதிடுவார், லேப் அதே ரவுண்ட வாங்கி டெஸ்ட் பண்ணிக்கும், உங்க தரப்பு எக்ஸ்பர்ட்டும் தனியா வாங்கி பண்ணிக்கலாம். நீங்க வாயே திறக்க வேண்டாம். துப்பாக்கி மேகசின்ல போடுறதுக்கு ரவுண்டு எடுத்த டப்பாவ மிச்ச ரவுண்டோட அப்படியே பத்திரமா எடுத்து வெச்சிருங்க, அது போதும்.

இதவிட எல்லாரும் அதிகமா பயப்படுறது வேற ஒண்ணுக்கு, ப்ராசிக்யூட்டர் எழுந்து நின்னு 'கடைல கிடைக்கிற தோட்டா இவருக்குப் பத்தல, கராஜ்ல உக்காந்து கொலைக்குன்னே பண்ணார்'னு ஜூரிகிட்ட சொல்லிடுவார்ங்கிறது. சொல்லலாம், நடக்காததுன்னு சொல்ல மாட்டேன். அரிசோனால 2004-ல மலைப்பாதைல ஒரு ரிட்டயர்ட் டீச்சர் தன்னைத் தாக்க ஓடி வந்தவரை சுட்டார், அவர் வெச்சிருந்தது கடைத் தோட்டாதான், இருந்தாலும் 10 எம்எம் போலீஸ் வெச்சிருக்கிறதவிட பெருசு, முனைல குழி இருக்கிற, உடம்புல பட்டதும் விரியுற ஹாலோ பாயிண்ட் வேறன்னு ஜூரி முன்னாடி பேசினாங்க, 2006-ல தண்டனை ஆச்சு, 2009-ல அப்பீல் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. ரத்தானது வேற காரணத்துக்காக, ஆனா மூணு வருஷம் உள்ள இருந்தார். அதனால அந்த மாதிரி பேச்சுக்கு விலையே இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா நல்ல வக்கீல் ஒருத்தர் அதுக்கு பதில் சொல்லிடுவார். சாஃப்ட் லோடு பண்ணவரைப் பாத்து கொலைவெறின்னு சொல்றதும் கஷ்டம். என்னோட கவலை அந்த மேடைப் பேச்சு மேல இல்ல, லேப் ரிப்போர்ட் மேல.

ஹாலோ பாயிண்ட்னு சொன்னதும் நம்ம ஆளுங்க சிலர் முகம் சுளிப்பாங்க, போர்ல தடை பண்ண குண்டுதானேன்னு. ஆமா, 1899 ஹேக் பிரகடனத்துல தடை, கொல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுத ஃபேக்டரில வெள்ளைக்காரன் பண்ண குண்டு கிளப்பின பிரச்சினைதான் அதுக்குப் பின்னாடி, ஆனா அது நாடுங்களுக்கு நடுவுல நடக்குற போருக்கு, வீட்டுக்கும் போலீசுக்கும் இல்ல. நியூயார்க் சிட்டி போலீசே 1998-ல ஹாலோ பாயிண்ட்டுக்கு மாறுறோம்னு அறிவிச்சாங்க, காரணம் மத்த குண்டு ஆள ஊடுருவிப் போய் பின்னாடி நிக்கிறவங்க மேல பட்டுட்டு இருந்துச்சு. உங்க வீட்டுக்கு இது ரொம்பப் பொருந்தும் தம்பி. இங்க வீட்டுச் சுவர் ட்ரைவால்ங்கிற மெல்லிசுப் பலகை, ரேஞ்சுக்குப் பண்ற மழுங்கல் முனை ஃபுல் மெட்டல் புல்லட் ரெண்டு மூணு சுவர் தாண்டி புள்ளைங்க ரூமுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போயிடும். டெக்சாஸ் பீனல் கோடு 9.05 என்ன சொல்லுதுன்னா, திருடனை சுட்டது நியாயமாவே இருந்தாலும், அப்ப பொறுப்பில்லாம ஒரு மூணாவது ஆளுக்கு காயமோ உயிர்ச்சேதமோ ஆயிட்டா அந்த ஆள் விஷயத்துல தற்காப்புன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. தற்காப்புக்குன்னே டெஸ்ட் பண்ணி விக்கிற தோட்டா கைல வாங்குற தூரத்துல இருக்கும்போது ஏன் ரேஞ்ச் புல்லட் வெச்சிருந்தீங்கன்னு ஒரு கேள்வி வந்தா, உதைப்பு கம்மியா இருந்துச்சுங்கிறது நல்ல பதில் இல்ல.

நியூஜெர்சில இருக்கிற வாசகர்கள் மேல சொன்னத அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க ஹாலோ பாயிண்ட்ட வீட்ல வெச்சுக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டு போறதுக்கும் வழி இருக்கு, மத்தபடி வெளிய எடுத்துட்டு சுத்துறதே குத்தமாகலாம், அங்க இருக்கிற வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

உங்க மனைவி விஷயம். அவங்க கை தாங்குற தோட்டா வேணும்ங்கிறது சரியான கவலை, அத விட்டுடாதீங்க. ஆனா பிஸ்டல்ல பவுடர கம்மி பண்ணிக்கிட்டே போனா, மேல நகருற பாகமான ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம அடுத்த ரவுண்டு ஏறாம மாட்டிக்கும், பகல்ல ரேஞ்சுல அத சரி பண்ணிக்கலாம், ராத்திரி நடுங்குற கைல முடியாது. நியூஜெர்சி வீட்ல இருந்தது ரிவால்வர், அதுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. தற்காப்பு தோட்டாலயே உதைப்பு கம்மின்னு டப்பாலயே போட்டு 9 எம்எம்-ல விக்கிறாங்க, ரெண்டு மூணு பிராண்டு வாங்கி அவங்களை சுட வெச்சுப் பாருங்க, கொஞ்சம் கனமான துப்பாக்கியா இருந்தாலும் உதைப்பு குறையும். எஃப்பிஐ 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைல ரெண்டு ஏஜெண்ட்டை இழந்ததுக்கு அப்புறம், சதை மாதிரி இருக்கிற ஜெல்ல சுட்டுப் பாக்கும்போது குண்டு 12-ல இருந்து 18 இஞ்ச் உள்ள போகணும்னு அளவு வெச்சாங்க, அந்த டெஸ்ட் பாஸான தோட்டாவா பாருங்க. உங்க ஊர் போலீஸ் என்ன ரவுண்டு வெச்சிருக்காங்கன்னு கேட்டு அதையே வாங்கினா இன்னும் நல்லது, 'ஏன் இந்த தோட்டா'ன்னு கேட்டா 'இந்த ஊரக் காப்பாத்துறவங்க எத நம்புறாங்களோ அதையே நானும் வாங்கினேன்'னு உங்க வக்கீல் ஒரு வரில முடிச்சுடுவார். நீங்க கராஜ்ல பண்ற ரவுண்டு பழகுறதுக்கு அருமையானது, செலவும் மிச்சம், கையும் பழகும், அத விடச் சொல்லல. ஃப்ரெண்ட்ஸுக்கு வித்துடாதீங்க, விக்கிறதுக்குப் பண்றதா இருந்தா அதுக்கு தனி ஃபெடரல் லைசென்ஸ் வேணும்.

அந்த 'திருடன் ஸ்பெஷல்' டப்பா. அந்தப் பேர எழுதினவர் விளையாட்டுக்குத்தான் எழுதியிருப்பார், குரூப்ல எல்லாரும் சிரிச்சும் இருப்பாங்க. ஆனா ஜூரி முன்னாடி அந்த போட்டோ பெரிய ஸ்க்ரீன்ல வரும்போது யாரும் சிரிக்க மாட்டாங்க, தற்காப்பு கேஸ்ல உங்க மனசுல என்ன இருந்துச்சுங்கிறதுதான் கேள்வியே. இந்த மாதிரி விஷயத்த வெளிய வைக்கச் சொல்லி ஜட்ஜ்கிட்ட வாதாடலாம், உண்மைய நிரூபிக்கிறதவிட வெறுப்பக் கிளப்புறதுதான் ஜாஸ்தின்னு சாட்சிய விதில ரூல் 403-ல கேக்கலாம், கெடைக்கவும் செய்யலாம், ஆனா அதுக்கும் மோஷன், ஹியரிங், ஃபீஸ். இப்ப எதுவும் நடக்கல, எந்த விசாரணையும் இல்ல, அதனால அந்த டப்பாவ தூக்கிப் போட்டுட்டு தேதி, புல்லட், பவுடர் எடை, பேட்ச் நம்பர் மட்டும் எழுதின லேபிள் ஒட்டுங்க. அந்த ஃப்ரெண்ட்கிட்டயும் மரியாதையா சொல்லிடுங்க, இனிமே உங்க துப்பாக்கி பத்தி குரூப்ல எதுவும் வேண்டாம்னு. நாளைக்கு ஏதாவது நடந்துட்டா மட்டும் எதையும் அழிக்காதீங்க, அது தனிக் குத்தம். அப்ப பண்ண வேண்டியது 911, ஆம்புலன்ஸ் கேளுங்க, 'உள்ள பூந்து தாக்கினான், நான் புகார் குடுக்கிறேன், வக்கீல் வந்ததும் முழுசா பேசுறேன்'னு சொல்லுங்க, ஆதாரம் எங்க கிடக்குன்னு கை காட்டுங்க, அதுக்கு மேல தூரம், நேரம், எத்தனை தடவைன்னு எதையும் அந்த நடுக்கத்துல சொல்ல வேண்டாம். ரெண்டு அடியா நாலு அடியான்னு அந்த நிமிஷத்துல யாருக்கும் சரியா தெரியாது, வாய் தவறி சொன்னதுதான் பின்னாடி லேப் ரிப்போர்ட்டோட மோதும்.

டிசம்பர்ல ஊருக்குப் போறோம்னு எழுதியிருந்தீங்க, நல்லவேளை எழுதினீங்க. ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பேக்பேக்கையே கேபின் பேக்கா எடுத்துட்டு போறவங்க நிறைய பேரு, அதோட மூலைல ஒரு ரவுண்டு தங்கியிருக்கும். இந்தியால லைசென்ஸ் இல்லாம ஒரே ஒரு லைவ் ரவுண்டு பேக்ல இருந்தாலும் ஆர்ம்ஸ் ஆக்ட் 1959, செக்ஷன் 25, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்சம் ரெண்டு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும். தெரியாம இருந்துச்சு, உணர்வோட வெச்சிருக்கலன்னு சொல்லி ஹைகோர்ட்ல எஃப்ஐஆர ரத்து பண்ண கேஸ் நிறைய இருக்கு, ஆனா அது வரைக்கும் பாஸ்போர்ட் மாட்டும், லீவு முடிஞ்சுடும், அம்மா அப்பா கோர்ட் வாசல்ல நிப்பாங்க. காலி கேஸ், ப்ரைமர் எதுவும் வேண்டாம். ஊருக்குன்னு தனியா ஒரு பேக் வாங்குங்க, பழைய பேக்க மச்சினனுக்கும் குடுத்துடாதீங்க.